கனரக லாரிகள்: குத்தகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா? 12 வண்டிகளுக்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது

கேள்வி: கல்வண்டி

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானப் பொருள்கள் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தில் 12 கனரக வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் 5 டிராக்டர்-டிரெய்லர்கள் (இழுக்கும் முன்வண்டியும் அதனுடன் இணையும் சரக்கு வண்டியும்) ஒரே வாடிக்கையாளருக்காக நெடுந்தூரம் ஓடுபவை. ஒவ்வொன்றும் மாதம் ஏறத்தாழ 11,000 கி.மீ. ஓடுகிறது. 4 டிப்பர்கள் கல் குவாரிக்கும் ஆலைக்கும் இடையில் ஓடுகின்றன. மாதம் 2,500 கி.மீ.தான் என்றாலும் ஒவ்வொரு நடையும் முழுப் பாரத்துடன், கரடுமுரடான ஏற்றத்தில் போகிறது. மீதி 3 லாரிகள் நகரத்துக்குள் பொருள் இறக்கி வருபவை. எல்லாமே கடனில் வாங்கி, கடன் தீர்ந்து, 9 ஆண்டுகளைத் தாண்டியவை.

சென்ற மாதம் நெடுந்தூர வண்டி ஒன்றின் கியர்பாக்ஸ் நடுவழியில் உடைந்தது. இரவு முழுவதும் வேறு வண்டி தேடி, விடிந்த பின்பு சரக்கை மாற்றி ஏற்றி, ஒன்றரை நாள் தாமதமாகக் கொண்டு சேர்த்தோம். வாடிக்கையாளர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த முறை இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வண்டிகளை மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது இரண்டு வழிகள் முன்னால் இருக்கின்றன. வங்கியில் 20 விழுக்காடு முன்பணம் கட்டி, மீதிக்கு 5 ஆண்டுக் கடன் வாங்கலாம். அல்லது குத்தகை நிறுவனம் ஒன்று முன்பணமே இல்லாமல், ஆண்டுக்கு 1,00,000 கி.மீ. வரம்புடன், 5 ஆண்டுகளுக்கு வண்டி தரத் தயாராக இருக்கிறது. விரும்பினால் பராமரிப்பையும் அவர்களே ஏற்பார்களாம். பராமரிப்புக் கட்டணத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கடன் தவணையும் குத்தகைத் தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. அப்படியிருக்க முன்பணத்தைக் கொண்டுபோய் ஏன் முடக்க வேண்டும் என்று என் பங்குதாரர் கேட்கிறார். ஐந்து ஆண்டுகள் பணம் கட்டிய பிறகும் வண்டி நம்முடையது இல்லை என்றால் அது என்ன கணக்கு என்று நான் கேட்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: பேரேடு

வணக்கம் ஐயா. கணக்குத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எண்களிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்வியும் பங்குதாரரின் கேள்வியும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

வண்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 முன்பணம் போக 80-ஐ ஆண்டு வட்டி 10 விழுக்காட்டில் 5 ஆண்டுக் கடனாக வாங்கினால், ஆண்டு முடிவில் கட்டும் தவணை 21.10 ஆகும். குத்தகைக்காரர், அதாவது வண்டியைக் குத்தகைக்குத் தருபவர், அதே வட்டியில் கணக்குப் போட்டு, 5 ஆண்டு முடிவில் வண்டி 30-க்கு விலைபோகும் என்று எதிர்பார்த்தால், முன்பணம் எதுவுமின்றி அவர் உங்களிடம் கேட்கும் தொகை ஆண்டுக்கு 21.47. நீங்கள் சொன்னதுபோலவே இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வாங்கியவர் தொடக்கத்தில் 20 கொடுத்திருக்கிறார். முடிவில் அவர் கையில் 30 பெறுமான வண்டி நிற்கிறது. அந்த 20-ஐ 10 விழுக்காட்டு வட்டியில் 5 ஆண்டுகள் வளரவிட்டால் 32 ஆகும். தவணையில் ஆண்டுதோறும் இருந்த சிறு வேறுபாட்டையும் அதே வட்டியுடன் சேர்த்தால் இரு பக்கமும் சரியாகப் பொருந்திவிடும்.

ஆகவே வட்டியும் கடைசி விலையும் ஒன்றாக இருக்கும்வரை, குத்தகையும் கடனும் ஒரே பொருளுக்கு இடப்பட்ட இரண்டு பெயர்கள். வேறுபாடு எங்கே பிறக்கிறது என்றால், குத்தகைக்காரர் தம் தொகைக்குள் வைத்திருக்கும் வட்டி உங்கள் வங்கி வட்டியைவிடக் கூடுதலா குறைவா என்பதிலும், 5 ஆண்டு முடிவில் வண்டி உண்மையில் என்ன விலை போகும் என்பதிலும், அந்த விலை ஏறினாலும் இறங்கினாலும் யார் தலையில் விழும் என்பதிலும்தான். வண்டி 40-க்கு விற்றால் வாங்கியவருக்கு 10 லாபம். 20-க்குத்தான் விற்கும் என்ற நிலை வந்தால், குத்தகைக்கு எடுத்தவர் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். எனவே குத்தகைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் எந்த எஞ்சிய மதிப்பை, அதாவது குத்தகை முடிவில் வண்டி விலைபோகும் என்று எந்தத் தொகையை, வைத்துக் கணக்கிட்டார் என்பதைத்தான். அந்த எண் கிடைத்துவிட்டால் அவருடைய வட்டியை நாமே கண்டுபிடித்துவிடலாம். சொல்லத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசும்போது கவனமாக இருங்கள்.

வரி குறித்து ஒரு குறிப்பு. பொதுவாக, வாங்கியவர் தேய்மானத்தையும் (ஆண்டுதோறும் குறையும் வண்டி மதிப்பையும்) வட்டியையும் செலவாகக் காட்டுவார். குத்தகைக்கு எடுத்தவர் கட்டிய வாடகையைச் செலவாகக் காட்டுவார். உங்கள் நிறுவனத்துக்கு அடுத்த சில ஆண்டுகளில் வரிக்குரிய லாபம் குறைவாக இருக்கும் என்றால், தேய்மானச் சலுகை பயன்படாமல் கிடக்கும். நல்ல லாபத்தில் இருக்கும் குத்தகைக்காரர் அதே சலுகையைத் தாம் பயன்படுத்திக்கொண்டு, ஒரு பகுதியை வாடகையில் குறைத்துத் தர முடியும். பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டு விதியைத் தணிக்கையாளரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குத்தகைக்கு எடுத்தால் கடன் கணக்கில் ஏறாது என்று சிலர் இன்னும் சொல்லி விற்கிறார்கள். பன்னாட்டுக் கணக்கியல் தரமான ஐ.எஃப்.ஆர்.எஸ். 16, 2016-இல் வெளியாகி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அதைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் பொருந்தாது. 12 மாதங்களுக்கு மேற்பட்ட லாரிக் குத்தகை, பயன்பாட்டு உரிமை என்ற சொத்தாகவும் குத்தகைக் கடப்பாடாகவும் (கட்ட வேண்டிய கடனாகவும்) இருப்புநிலைக் குறிப்பில் ஏறிவிடும். ஆனால் பராமரிப்புக்கான தொகையைத் தனியே பிரித்துக் காட்டினால் அந்தப் பகுதி கடப்பாட்டில் சேராது. ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப மாறும் கட்டணமும் அப்படியே. வங்கியிடம் கடன் விகிதம் குறித்து ஏதேனும் உறுதி கொடுத்திருக்கிறீர்கள் என்றால், கையொப்பமிடும் முன்பு வங்கியுடன் பேசிவிடுங்கள்.

பதில் 2: சாவிக்கொத்து

பேரேடு அவர்களின் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம்" என்ற இடத்தில் மட்டும் என் அனுபவத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த நிம்மதி எனக்குக் கிடைக்கவில்லை.

எட்டு வண்டிகளை 4 ஆண்டுக் குத்தகையில் எடுத்து, முடிவில் திருப்பிக் கொடுத்தேன். ஒப்படைக்கும் நாளில் குத்தகை நிறுவனத்தின் பரிசோதகர் ஒருவர் வந்தார். கையில் டயர் ஆழம் அளக்கும் சிறு கருவி, ஒரு டார்ச் விளக்கு, ஒரு படிவம். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குந்தி உட்கார்ந்து, ஒரே டயரில் மூன்று இடங்களில் கருவியைச் செருகி, மூன்றில் குறைந்த அளவைத்தான் எழுதினார். உள்பக்கத்து டயருக்குக் கையை நீட்டித் தடவிப் பார்த்து, பக்கச் சுவரில் வெட்டு என்று குறித்தார். கேபினுக்குள் ஏறி இருக்கையின் உறையைத் தூக்கிப் பார்த்தார். ஓட்டுநர் தம் வசதிக்காக மாட்டியிருந்த விசிறியின் நான்கு திருகு ஓட்டைகள்கூடப் படிவத்தில் ஏறின. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்தது ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான். அந்தப் பக்கத்தை நான் 4 ஆண்டுகளுக்கு முன்பே படித்திருக்க வேண்டும். எட்டு வண்டிகளுக்கும் சேர்த்து வந்த ரசீது, ஒரு வண்டியின் ஐந்து மாத வாடகைக்கு மேல் இருந்தது.

ஆகவே நீங்கள் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள். "இயல்பான தேய்மானம்" என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுக்கும் வரையறை என்ன, டயரில் குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், பிரேக் லைனிங்கில் எத்தனை விழுக்காடு மிஞ்சியிருக்க வேண்டும், ரீட்ரெட் செய்த (தேய்ந்த பின் மேலே புது ரப்பர் ஒட்டிய) டயரை ஏற்பார்களா, முன் அச்சில் குறிப்பிட்ட தரத்து டயர்தான் வேண்டுமா என்பவை எல்லாம் எண்களாக எழுதப்பட்டிருக்க வேண்டும். "நல்ல நிலையில்" என்று மட்டும் எழுதியிருந்தால், நல்ல நிலை எது என்று அன்றைக்கு முடிவு செய்பவர் அவராகத்தான் இருப்பார்.

இன்னொன்று, உங்கள் கிலோமீட்டர். மாதம் 11,000 என்றால் ஆண்டுக்கு 1,32,000. அவர்கள் தருவது 1,00,000. ஐந்து ஆண்டுகளில் ஒரு வண்டிக்கு 1,60,000 கி.மீ. கூடுதலாகும், 5 வண்டிகளுக்கு 8,00,000 கி.மீ. கூடுதலாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்குமான கட்டண விகிதம் சிறிய எண்ணாகத்தான் இருக்கும். அதை 8,00,000-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தவணைகளை ஒப்பிடுங்கள். உண்மையான ஓட்டத்தைத் தொடக்கத்திலேயே சொல்லி, அதற்கேற்ற வாடகையைக் கேட்பதே நல்லது; மாத வாடகை சற்று உயர்ந்து தெரியும், ஆனால் கடைசியில் அதிர்ச்சி இருக்காது. ஐந்து வண்டிகளின் ஓட்டத்தையும் ஒரே தொகுப்பாகக் கணக்கிடும்படியும் கேளுங்கள். அப்போது ஒரு வண்டி குறைவாக ஓடியது மற்றொன்றின் மிகை ஓட்டத்தை ஈடுகட்டும்.

பதில் 3: ஸ்பேனர்

பதினெட்டு ஆண்டுகளாக ஒர்க்‌ஷாப் பொறுப்பில் இருக்கிறேன். கல்வண்டி ஐயா தம்முடைய ஒர்க்‌ஷாப் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லை. பணக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு அதுதான் முதல் கேள்வி.

இப்போதைய வண்டிகள் பழைய வண்டிகள் அல்ல. யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து எஞ்சின் என்றால் புகைக் குழாயிலேயே ஒரு சிறு ஆலை இருக்கிறது: புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் துகள் வடிகட்டி, 32.5 விழுக்காடு யூரியா கலந்த கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பு, இவற்றையெல்லாம் கண்காணிக்கும் பல சென்சார்கள். ஒரு சென்சார் பழுதானாலே எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். கண்டறியும் கணினிக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் இல்லாத ஒர்க்‌ஷாப், இந்த வண்டியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஸ்பேனரும் அனுபவமும் மட்டும் போதுமாக இருந்த காலத்தில் வேலை கற்றவன் நான், வருத்தத்துடன்தான் சொல்கிறேன்.

இதில் உங்கள் மூன்று வகை வண்டிகளுக்கும் மூன்று விதமான விடை வருகிறது. நெடுந்தூர வண்டியில் எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடுவதால் வடிகட்டியில் சேரும் கரி தானாகவே எரிந்துவிடும். என்ஜின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் மட்டும் மெல்ல மெல்லச் சேர்ந்து, பல லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு சுத்தம் செய்ய வேண்டிவரும். நகரத்துக்குள் நின்று நின்று ஓடும் லாரியில் அந்தச் சூடு வருவதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஆகவே பராமரிப்பையும் சேர்த்துக் குத்தகைக்கு எடுக்க ஏற்ற வண்டி எது என்று என்னைக் கேட்டால், குறைந்த தூரம் ஓடும் அந்த நகர லாரிகளைத்தான் சொல்வேன். ஓட்டம் குறைவு என்பதால் செலவும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது தலைகீழ்.

டிப்பரைக் குத்தகைக்கு எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. குவாரியில் ஸ்பிரிங் பட்டை உடையும், கூரான கல் டயரைக் கிழிக்கும், பின் கதவு வளையும், சேஸில் கல் அடிக்கும். இவற்றை இயல்பான தேய்மானம் என்று எந்தக் குத்தகைக்காரரும் ஏற்கமாட்டார். பராமரிப்பு ஒப்பந்தத்தில் டயர் சேர்த்தி என்று எழுதியிருந்தாலும், தேய்ந்தால் அவர்கள் பொறுப்பு, கிழிந்தால் உங்கள் பொறுப்பு என்று உள்ளே ஒரு வரி இருக்கும். டிப்பரின் பழுது பெரும்பாலும் இரும்பு வேலை, வெல்டிங் வேலை. அதை உங்கள் ஆட்களே செய்துவிடலாம்.

மாற்று வண்டி தருவோம் என்ற வாக்குறுதியையும் எண்ணிப் பாருங்கள். எங்களிடம் குத்தகையில் இருந்த ஒரு டிராக்டர் கிளட்ச் போய் நின்றபோது, ஒப்பந்தப்படி 24 மணி நேரத்துக்குள் மாற்று வண்டி வந்துவிட்டது. ஆனால் எங்கள் டிரெய்லர் ஹைட்ராலிக்கில் இயங்குவது. வந்த வண்டியில் ஹைட்ராலிக் பம்பே இல்லை. மூன்று நாள்கள் இரண்டு வண்டிகளும் அருகருகே நின்றன, வாடகையும் ஓடியது. "மாற்று வண்டி" என்ற சொல்லுக்குப் பதிலாக, அச்சுகளின் எண்ணிக்கை, டிரெய்லர் இணைப்பின் உயரம், பம்ப் என்று வேலைக்குத் தேவையான எல்லாவற்றையும் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

பதில் 4: பழையசக்கரம்

மேலே எழுதிய மூவரும் கற்றறிந்தவர்கள். ஆனாலும் சொந்த வண்டிக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உங்கள் கடன் தீர்ந்து 4 ஆண்டுகளாகின்றன என்றால், இந்த நான்கு ஆண்டுகளும் 12 வண்டிகள் தவணை இல்லாமல் ஓடியிருக்கின்றன. மந்த காலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நீங்கள் தூங்கியிருக்க முடியும். குத்தகையில் அது இல்லை. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை. தவணை தீர்ந்த வண்டிதான் எங்கள் தொழிலை இரண்டு கெட்ட காலங்களில் காப்பாற்றியது. ஒன்றை விற்று ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தோம். குத்தகை வண்டியை யாரால் விற்க முடியும்?

பதில் 5: ஸ்பேனர்

பழையசக்கரம் ஐயா சொல்வது நியாயம்தான். தவணை இல்லாத வண்டி தரும் தைரியத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. வண்டியின் வயது கூடக் கூட, ஒரு கிலோமீட்டருக்கு விழும் முதலீட்டுச் செலவு குறைந்துகொண்டே போகும், பழுதுச் செலவு ஏறிக்கொண்டே வரும். இரண்டையும் கூட்டினால் ஒரு கட்டம்வரை இறங்கி, பிறகு ஏறும். அந்த அடிமட்டம் எந்த ஆண்டில் வருகிறது என்பதை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே பழுது ஏடு வைத்திருப்பவர் மட்டுமே அறிவார். பழுதுச் செலவில் உதிரிபாகத்தையும் கூலியையும் மட்டும் எழுதினால் போதாது. வண்டி நின்ற நாள்களில் வெளி வண்டிக்குக் கொடுத்த வாடகையையும் எழுத வேண்டும். கியர்பாக்ஸ் உடைந்த அந்த இரவின் செலவு உங்கள் ஏட்டில் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி: கல்வண்டி

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. ஸ்பேனர் அவர்களே, நீங்கள் கேட்டபடி தேடினேன். அந்த இரவின் செலவு பழுது ஏட்டில் இல்லை, "இதர போக்குவரத்து" என்ற தலைப்பில் கிடந்தது. அதேபோன்ற தொகைகளை இரண்டு ஆண்டுகளுக்குத் திரட்டியபோது, நெடுந்தூர வண்டிகளின் பழுதுச் செலவு நான் நம்பிக்கொண்டிருந்ததைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்காக இருந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இரும்பு வேலையில் கெட்டிக்காரர்கள், கணினிக் கருவி கிடையாது.

ஒரு செய்தியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நெடுந்தூர வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் இன்னும் 3 ஆண்டுகளுக்குத்தான் இருக்கிறது. அதன் பிறகு நீடிக்கும் என்று நம்புகிறேன், உறுதி இல்லை. 5 ஆண்டுக் குத்தகையை நடுவில் முறித்தால் என்ன ஆகும்? குத்தகைக்காரரின் வரைவில் "மீதமுள்ள வாடகை முழுவதும் உடனே செலுத்தப்பட வேண்டும்" என்றிருக்கிறது.

பதில் 6: பேரேடு

ஐயா, இதுதான் உங்கள் வழக்கின் நடுப்புள்ளி. வருமானம் 3 ஆண்டுக்கு, கடப்பாடு 5 ஆண்டுக்கு என்றால், நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளை நீங்கள் வெறுங்கையால் தாங்கப்போகிறீர்கள்.

என் பழைய எண்களையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு முடிவில் குத்தகைக்காரரின் கணக்கில் அந்த வண்டிக்காக மிஞ்சியிருக்கும் தொகை, அதாவது இன்னும் அவருக்கு வர வேண்டியது, 62. வண்டியை அவர் 50-க்கு விற்க முடியும் என்றால் அவருக்கு உண்மையான இழப்பு 12 மட்டும். ஆனால் வரைவில் உள்ளபடி மீதி இரண்டு ஆண்டு வாடகையை முழுதாகக் கேட்டால் அது 43. உங்களிடம் 43, சந்தையில் 50 என்று மொத்தம் 93 அவர் கைக்குப் போகும். அவருக்கு வர வேண்டியதோ 62. எனவே அந்த வரியை அப்படியே ஏற்காதீர்கள். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் மிஞ்சும் தொகையை அட்டவணையாக ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். முறித்தால் அந்தத் தொகைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் செலுத்துவோம் என்று எழுதுங்கள். விற்கும்போது குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும், நீங்களும் ஒருவரைக் கொண்டுவரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே நாளில் கடனில் வாங்கியவரின் நிலை: நிலுவை 36.6, விற்றால் 50, கையில் மிஞ்சுவது 13.4. அது லாபம்போலத் தோன்றும். ஆனால் அவர் முதல் நாளில் கொடுத்த 20-இல் திரும்பி வந்த பகுதிதான் அது.

விபத்தில் வண்டி முழுதாக அழிந்துபோகும் நிலையையும் மறவாதீர்கள். முதல் ஆண்டு முடிவில் குத்தகைக் கணக்கில் 88.5 நிற்கும். காப்பீட்டு நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். அது 75 என்றால் நடுவிலுள்ள 13.5 உங்கள் பையிலிருந்து போகும். இந்த இடைவெளிக்கென்றே தனிக் காப்பீடு விற்கப்படுகிறது. முன்பணம் இல்லாத குத்தகைக்கு அது மிகவும் தேவை.

பதில் 7: சாவிக்கொத்து

பேரேடு சொன்னதோடு இன்னொரு வழியையும் கேட்டுப் பாருங்கள். மூன்று ஆண்டுக் குத்தகையாகவே எடுத்து, மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கும் உரிமையை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளலாம். நீட்டிப்பு வாடகையை இப்போதே எழுதி வாங்க வேண்டும். மாத வாடகை கூடும். ஆனால் அந்தக் கூடுதலை உங்கள் வாடிக்கையாளரிடம் கிலோமீட்டர் விகிதத்தில் பேசிப் பார்க்கலாம், ஏனென்றால் புதிய வண்டியும் தாமதமின்மையும் அவருக்கும் வேண்டியவைதாமே. வேறு நிறுவனத்துக்குக் குத்தகையை மாற்றிக் கொடுக்கும் உரிமையும் இருந்தால் நல்லது. நான் அந்த உரிமையை வாங்காமல் விட்டு வருந்தியவன்.

பராமரிப்புத் தொகை ஆண்டுதோறும் எதன் அடிப்படையில் ஏறும் என்பதையும் பாருங்கள். விலைவாசிக் குறியீட்டுடன் இணைப்பது வழக்கம்; அந்த ஏற்றம் பராமரிப்புப் பகுதிக்கு மட்டுமே பொருந்த வேண்டும், முழு வாடகைக்கும் அல்ல. வண்டியின் விலை ஒருமுறை முடிவானதுதான். அது ஏன் ஆண்டுதோறும் ஏற வேண்டும்?

பதில் 8: மின்னச்சு

நகர லாரிகள் மூன்றைப் பற்றி ஒரு சொல். அவை இரவில் ஆலைக்குத் திரும்பிவிடும் என்றால், மின்சார லாரியையும் விலை விசாரித்துப் பாருங்கள். துகள் வடிகட்டித் தொல்லையே அதில் இல்லை. எட்டு ஆண்டு கழிந்த பேட்டரிக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை இன்று யாராலும் துணிந்து சொல்ல முடியாததால், எஞ்சிய மதிப்பின் சுமையைக் குத்தகைக்காரர் ஏற்கும்படி எடுப்பது இந்த வகைக்குப் பொருந்தும். சார்ஜர் அமைக்கும் செலவும், ஆலையின் மின் இணைப்பு அதைத் தாங்குமா என்பதும் தனிக் கணக்குகள். பேட்டரியின் எடையால் ஏற்றும் பாரம் குறையும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி: கல்வண்டி

இரண்டு வாரப் பேச்சுக்குப் பிறகு எழுதுகிறேன்.

டிப்பர்கள் நான்கையும் கடனில் வாங்குகிறோம்; அதில் எனக்கும் பங்குதாரருக்கும் இப்போது கருத்து வேறுபாடு இல்லை. நெடுந்தூர வண்டிகள் ஐந்தையும் குத்தகைக்கு எடுக்கிறோம், பராமரிப்புடன். ஆண்டுக்கு ஒரு வண்டிக்கு 1,35,000 கி.மீ. வீதம் ஐந்துக்கும் ஒரே தொகுப்பு என்று ஒப்புக்கொண்டார்கள். வாடகை உயர்ந்தது, ஆனால் கூடுதல் ஓட்டத்துக்கு அவர்களின் பழைய விகிதப்படி கட்டியிருக்க வேண்டியதைவிடக் குறைவு. ஆண்டுவாரி நிலுவை அட்டவணை ஒப்பந்தத்தோடு இணைந்துவிட்டது. மீதி வாடகை முழுவதும் என்ற வரியை நீக்க முதலில் மறுத்தார்கள். பேரேடு அவர்களின் 93-க்கும் 62-க்கும் உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்தேன். அதைப் பார்த்த பிறகு, மூன்றாம் ஆண்டு முடிவிலிருந்து மட்டும் வேறுபாட்டு முறையை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பு முறித்தால் பழைய விதிதான். எனக்கு வேண்டியது மூன்றாம் ஆண்டு என்பதால் சம்மதித்துவிட்டேன். மாற்று வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் பெயர் சொல்லி எழுதப்பட்டுவிட்டது.

நகர லாரிகளைப் பற்றி இன்னும் முடிவு எடுக்கவில்லை. பழையசக்கரம் ஐயா சொன்னதை மனத்தில் வைத்து, பழைய மூன்றில் நல்ல நிலையிலுள்ள இரண்டை இன்னும் ஓராண்டு ஓட்டப்போகிறேன், இம்முறை நின்ற நாள்களின் செலவையும் ஏட்டில் எழுதிக்கொண்டு.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். அடுத்த வாரம் முதல் இரண்டு வண்டிகள் வருகின்றன. பெற்றுக்கொள்ளும் நாளில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 9: சாவிக்கொத்து

திருப்பிக் கொடுக்கும் நாளில் அவர்கள் எதைப் பார்ப்பார்களோ, அதே படிவத்தை இப்போதே வாங்கி, அதை வைத்தே பெற்றுக்கொள்ளுங்கள். டயர் ஆழக் கருவி ஒன்றை வாங்கி ஓட்டுநர் கையில் கொடுத்து, வண்டியிலும் டிரெய்லரிலும் உள்ள ஒவ்வொரு டயரையும் அளந்து, டயரில் பொறித்திருக்கும் வரிசை எண்ணோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஓடோமீட்டர், வண்டியின் நான்கு பக்கங்கள், கேபினின் உட்புறம், சேஸின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தேதி தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்ட ஒரு படியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநருக்குக் கேபினில் விசிறி வேண்டும் என்றால், திருகு போடாமல் கவ்வி நிற்கும் வகையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.